தோல் ஊறும் போத்தல்

பகலெல்லாம் சாகடிப்பதுதான் என் வேலை.
கர்னி சாலை ஹோட்டல்களில்
முதுகில் பதினாறு லிட்டர் டாங்கி,
மூக்குக்கு மூடி.
கரப்பானோ, கட்டில் மூட்டையோ,
செத்ததற்கு ரசீது எழுதி
கையெழுத்து வாங்கி வருவேன்.

சாயங்காலம் ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டில்
ஏழாம் மாடிக் கதவைத் தட்டினால்
"சட்டைய வெளியவே கழட்டு" என்பாள் கோகிலவாணி.
மகனுக்கு மூச்சிரைப்பு.
அந்த நீல இன்ஹேலர் எந்த இழுப்பறையில் என்று
இருட்டிலும் என் கைக்குத் தெரியும்.
அதனால் என் மருந்துக்கு
வீட்டுக்குள் அனுமதி இல்லை.
எறும்புக்கு உண்டு.

சீனப் பெருநாள் முடிந்த வாரம்
பக்கத்து வீட்டு மேடம் கூ
ஒரு பை நிறைய ஆரஞ்சுத் தோல் தந்தார்.
எத்தனை விருந்தாளி வந்தார்கள் என்று
தோலை எண்ணியே சொல்லிவிடலாம்.
மலையில் கெக் லோக் சி விளக்குகள்
இன்னும் அணைக்கப்படவில்லை.

தோல் மூன்று பங்கு, சீனி ஒரு பங்கு,
தண்ணீர் பத்து.
யாரோ சொன்ன கணக்கு.
சோடா போத்தலில் அடைத்து
மூடியை முறுக்கினேன்,
டாங்கியை முறுக்கிய பழக்கத்தில்.
பன்னிரண்டாம் நாள்
விடிகாலை மூன்று மணிக்கு
வெடித்தது.

மேடம் கூ துடைப்பத்தோடு ஓடிவந்தார்.
எதிர்வீட்டு பாக்கார்
தன் வீட்டு காஸ் தோம்பை மூடிவிட்டு,
கைலியை இறுக்கிக்கொண்டு வந்தான்.
எல்லோரும் நிமிர்ந்து பார்க்க
கூரையில் ஒட்டியிருந்த ஒரு தோல்
நிதானமாக, யோசித்து,
என் தலையில் விழுந்தது.
மகன் சிரித்தான். சிரிப்பு இருமலாயிற்று.
நானும் கோகிலாவும் அசையாமல் கேட்டோம்.
மறுபடி சிரிப்பு.
மூச்சு விட்டோம் நாங்கள்.

காலையில் வந்தன எறும்புகள்.
சுவரில் காய்ந்த சீனியைத் தேடி
வரிசை வரிசையாக, பிள்ளைகுட்டியோடு,
தைப்பூசத் தண்ணீர்ப்பந்தலுக்கு வருகிற மாதிரி.
பத்தொன்பது வருடம் பூச்சி விரட்டியவன்
அன்னதானம் போட்டிருந்தான்.

இரண்டாம் தடவை சீனி இல்லை.
வினிகர்,
மிச்சத் தோல்,
சம்பலுக்கு நறுக்கி ஒதுக்கிய செராய்த் தாள்கள்,
வெள்ளைப்பூண்டுச் சருகு.
மூடி தளர்வாக. ஃபிரிட்ஜுக்கு மேலே இரண்டு வாரம்.
தினமும் ஒருமுறை நான் போய்க் குலுக்க,
மகன் காதைப் பொத்திக்கொள்வான்.

வடிகட்ட என் பழைய சீருடையைக் கிழிக்கப் போனேன்.
"அந்தத் துணியா?"
ஒரே கேள்விதான்.
தன் பருத்தி துப்பட்டாவில் பாதியைக் கொடுத்தாள்.

மகன் பள்ளியில் இருக்கும் நேரம்,
சன்னல்களைத் திறந்துவைத்து,
பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து
அடுப்படி ஓரம் துடைத்தேன்.
குந்தி உட்கார்ந்து காத்திருந்தேன்.
முன்னால் வந்த எறும்பு
ஈரத்தின் கரையில் நின்றது.
பின்னால் வந்ததோடு மீசை உரசிப் பேசியது.
திரும்பிப் போயிற்று.
இத்தனை வருடத்தில்
ஒரு பூச்சி உயிரோடு திரும்பிப் போவதை
நான் பார்த்ததே இல்லை.

எங்கே போயிற்று என்பது
மூன்றாம் நாள் தெரிந்தது.
மேடம் கூவின் சாமி மேடையில்
படைத்த பழத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு.
ஒரு போத்தல் கொண்டுபோய்க் கொடுத்தேன்,
அவர் தந்த தோல்தானே.
அப்புறம் பாக்கார் வந்து நின்றான்,
கையில் காலி போத்தலுடன்,
காரணத்தை அவனே கண்டுபிடித்தவன்போல் சிரித்துக்கொண்டு.

நேற்று லிப்டில்
ஆறாம் மாடிப் பெண் போனில் சொல்லிக்கொண்டு வந்தாள்:
"எங்கேர்ந்து வருதோ தெரியல,
ஒரே எறும்பு."
எண்கள் மாறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
என் பையில்
ஹோட்டல் ஜூஸ் கடையில் கேட்டு வாங்கிய தோல்
லிப்ட் முழுக்க மணந்தது.

ஆறில் கதவு திறந்தது.
மூடாமல் காலை வைத்துக்கொண்டு
கேட்டேன்,
"வீட்ல வினிகர் இருக்கா?"